எந்த விரல், எந்த நேரம்?

அந்தப் பெண்மணி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவர். நாற்பத்தாறு வயது. "என்னம்மா செய்யுது?" என்று கேட்டேன். பதில் சொல்வதற்கு முன்னால் வலது கையைத் தூக்கி, ஈரத்தை உதறுவது போல நாலு தடவை உதறிக் காட்டினார். பிறகுதான் பேச்சு வந்தது.

"ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துருதுங்க. கை மதமதன்னு கெடக்குதுங்க, நம்ம கை மாதிரியே இல்லீங்க. எந்திரிச்சு உக்காந்து இப்படி உதறினாச் சித்த நேரத்துல சரியாப் போயிருதுங்க. ரத்த ஓட்டம் இல்லைன்னு எங்க ஊட்டுக்காரரு சொல்றாருங்க."

நோயின் பெயர் அந்த உதறலிலேயே பாதி வந்துவிட்டது. கனடாவில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் பிரைஸ்-ஃபிலிப்ஸ் 1984-ல் இதை ஓர் அறிகுறியாகவே எழுதி வைத்தார். இரவில் கை மரத்து எழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்தியவர்கள் உதறித்தான் காட்டுவார்கள் என்றார். பிற்பாடு நடந்த ஆய்வுகள் இந்த அறிகுறிக்கு அவ்வளவு உயர்ந்த மதிப்பெண் தரவில்லை. ஆனாலும் நான் இதைக் கேட்காமல் விடுவதில்லை. செலவில்லாத கேள்வி. நோயாளி யோசித்துச் சொல்லும் பதிலாகவும் இருப்பதில்லை, கை தானாகவே சொல்லிவிடுகிறது.

இந்த அத்தியாயத்தை எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. என் அம்மாவுக்கு இதே தொந்தரவு வந்தபோது கழுத்தை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு தேய்மானம் என்று சொல்லி, கழுத்துப் பட்டை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு வருடம் பட்டை போட்டார். எந்த விரல் மரக்கிறது, எந்த நேரத்தில் மரக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்போது நான் பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியாமல் அவர் என் தங்கையைக் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் கையைத் திருப்பிப் பார்த்தோம். கட்டை விரலுக்கு அடியில் இருக்கும் சதைமேடு வற்றிக் குழி விழுந்திருந்தது.

ஆகவே டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்துவிடுங்கள். வெள்ளைத்தாளில் உங்கள் கையை வைத்துப் பேனாவால் சுற்றி வரையுங்கள். உள்ளங்கைப் பக்கம் ஒன்று, புறங்கைப் பக்கம் ஒன்று. மரக்கும் இடத்தில் கோடு போட்டு நிரப்புங்கள், வலிக்கும் இடத்தில் புள்ளி வையுங்கள். ஒரு வாரம் எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது என்பதைப் பக்கத்தில் குறித்து வாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1990 வாக்கில் அமெரிக்காவில் ஜெஃப்ரி காட்ஸ் என்ற மருத்துவர் இப்படி நோயாளிகளே வரைந்த கைப்படங்களை வைத்து ஆய்வு செய்து, நோயைக் கண்டுபிடிக்க அவை உதவும் என்று காட்டியிருக்கிறார். "கை ஃபுல்லா மரக்குது டாக்டர்" என்று ஒரே வரியில் சொல்வதற்கும் இந்தத் தாளை நீட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முழுக் கையும் மரக்கிறது என்று சொன்னவர்களில் பலர் வரைய உட்கார்ந்த பிறகுதான் சுண்டு விரலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தான் இருக்கு" என்பார்கள்.

சுண்டு விரல் நன்றாக இருப்பதுதான் முக்கியமான தடயம்.

மணிக்கட்டுக்குள் ஒரு குகை

உள்ளங்கை தொடங்கும் இடத்தில், மணிக்கட்டின் சிறு எலும்புகள் அரைவட்டமாக நின்று ஒரு வாய்க்கால் போல ஆகின்றன. அதன் மேல் மூடி போட்டது போல ஒரு தடித்த தசைநார்ப் பட்டை குறுக்கே ஓடுகிறது. இந்தக் குகைக்குத்தான் கார்ப்பல் டனல் என்று பெயர். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்கள் இதற்குள்ளே போகின்றன. அவற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு மீடியன் நரம்பும் போகிறது. எலும்பு விரியாது, பட்டையும் இழுபடாது. உள்ளே சிறிது வீங்கினாலும் அடி வாங்குவது நரம்புதான், ஏனென்றால் அங்கே இருப்பவற்றில் அதுதான் மென்மையானது.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி ஆகிய மூன்றரை விரல்களுக்கு இந்த நரம்பு உணர்ச்சி தருகிறது. மோதிர விரலில் ஒரு பாதி மரத்து மறு பாதி மரக்காமல் இருந்தால் மருத்துவருக்கு அது பெரிய துப்பு. இன்னொன்றும் கவனியுங்கள். உள்ளங்கையின் நடுத்தோலுக்குப் போகும் கிளை குகைக்கு முன்னாலேயே பிரிந்து பட்டைக்கு மேலே போய்விடுகிறது. அதனால் விரல்கள் மரத்தாலும் உள்ளங்கையில் உணர்ச்சி இருக்கும். உள்ளங்கையும் சேர்ந்து மரத்தால் கோளாறு மணிக்கட்டுக்கு மேலே எங்கேயோ இருக்கலாம்.

ஏன் ராத்திரியில்? 1981-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஜெல்பர்மேன் குழுவினர் இந்தக் குகைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். மணிக்கட்டு நேராக இருக்கும்போது ஆரோக்கியமானவர்களுக்குச் சராசரி 2.5 மில்லிமீட்டர் பாதரச அளவுதான் இருந்தது. நோயாளிகளுக்கு 32. மணிக்கட்டை முழுக்க உள்பக்கம் மடக்கியபோது நோயாளிகளுக்கு 94 ஆனது, பின்பக்கம் வளைத்தபோது 110. தூங்கும்போது நாம் கையை எப்படி மடக்கித் தலையணைக்கு அடியில் செருகிக்கொள்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். நரம்புக்கு ஊட்டம் தரும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அந்த அழுத்தத்தில் நசுங்குகின்றன. அந்த வகையில் அந்தத் திருப்பூர்ப் பெண்மணியின் வீட்டுக்காரர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஓட்டம் குறைவது கைக்கு அன்று, நரம்புக்கு.

டாக்டர் செய்யும் சோதனைகள்

உட்கார வைத்து, இரண்டு மணிக்கட்டுகளையும் உள்பக்கமாக மடக்கித் தொங்கவிட்டு ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்வார். இது ஃபேலன் சோதனை, விரல்களில் மதமதப்பு வருகிறதா என்று பார்ப்பார். இந்த நோயை ஊர் அறியச் செய்தவர் கிளீவ்லாந்தில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஜார்ஜ் ஃபேலன். அவருக்கு முன்னால் இந்த மரப்புக்குப் பெரும்பாலும் கழுத்தையும் தோளையும்தான் குறை சொன்னார்கள். மணிக்கட்டின் மேல் விரலால் தட்டும்போது விரல் நுனிவரை ஷாக் போல ஓடினால் டினெல் அறிகுறி. இது முதல் உலகப் போரில் காயம்பட்ட நரம்புகள் மறுபடி வளர்கின்றனவா என்று பார்க்க, பிரான்ஸின் ஜூல் டினெல் 1915-ல் எழுதியது. குகையின் மேல் கட்டை விரலால் அரை நிமிடம் அழுத்திப் பார்ப்பது 1991-ல் டர்கன் சொன்ன முறை.

இவற்றில் எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. நல்ல கைக்கும் ஃபேலன் சோதனையில் மதமதப்பு வரும். நோயுள்ள கைக்கும் டினெல் வராமல் போகும். அதனால்தான் கனடாவின் பிரெண்ட் கிரஹாம் ஆறு விஷயங்களைச் சேர்த்து மதிப்பெண் போடும் முறையை உண்டாக்கினார். மூன்றரை விரல் பகுதியில் மரப்பு, இரவு மரப்பு, கட்டை விரல் மேட்டின் பலவீனம் அல்லது தேய்வு, ஃபேலன், டினெல், பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு முனைகளைப் பிரித்துணர முடியாமை. அமெரிக்க எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்களின் அமைப்பு 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இந்த மதிப்பெண் முறையை வைத்தே நோயை உறுதி செய்யலாம், எல்லோருக்கும் வழக்கமாக நரம்பு டெஸ்டோ ஸ்கேனோ எடுக்க வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கிறது. கேட்டும் தொட்டும் பார்ப்பதற்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய ஒன்றும் உண்டு. இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி மேஜையில் வைத்து, கட்டை விரலைக் கூரையைப் பார்த்து நிமிர்த்துங்கள். இன்னொருவர் அதை உள்ளங்கையை நோக்கிக் கீழே தள்ளிப் பார்க்கட்டும். ஒரு கை எளிதில் விட்டுக்கொடுத்தாலோ, ஒரு கையின் சதைமேடு மற்றதைவிடத் தட்டையாக இருந்தாலோ தள்ளிப் போடாதீர்கள். அடுத்த வாரமே போய்க் காட்டுங்கள்.

நரம்பு டெஸ்ட்

மதிப்பெண் நடுத்தரமாக இருந்தால், வேறு நோய் என்று சந்தேகம் இருந்தால், அறுவைக்கு முன் நரம்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் நர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே சிறிய மின்னதிர்ச்சி கொடுத்து, அது கட்டை விரல் மேட்டுக்கோ ஆள்காட்டி விரலுக்கோ போய்ச் சேர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று அளப்பது. குகையைக் கடக்கும்போது மட்டும் வேகம் குறைந்தால் அழுத்தம் அங்கேதான். 1956-ல் சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதை முதலில் காட்டினார்.

அந்த அறையில் நடப்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பயந்து பாதியில் எழுந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டிலில் படுக்கச் சொல்வார்கள். வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். அன்று கைக்கு எண்ணெயோ கிரீமோ தடவக்கூடாது, தடவினால் ஒட்டும் பட்டை பிடிக்காது. விரலில் சின்ன வளையங்களை மாட்டி மணிக்கட்டில் மின்முனையை வைத்து அழுத்துவார்கள். சுண்டிவிட்டது போல 'சுரீர்' என்று இருக்கும். விரல் தானாகத் துள்ளும். ஐந்தாறு தடவைக்குப் பிறகு பழகிவிடும். கை சில்லென்று இருக்கிறதா என்று மட்டும் நீங்களே கவனியுங்கள். ஏ.சி. அறையில் அரைமணி நேரம் காத்திருந்து உள்ளே போனால் கை குளிர்ந்திருக்கும். குளிர்ந்த கையில் நரம்பின் வேகம் குறையும், நல்ல நரம்பும் கெட்டது போலத் தெரியும். "கை ஜில்லுன்னு இருக்குங்க, சூடு பண்ணிட்டுப் பாக்கலாமா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிலருக்குத் தசையில் ஊசி வைத்தும் பார்ப்பார்கள்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் ஒரு எச்சரிக்கை. தெற்கு ஸ்வீடனில் இசாம் அட்ரோஷி குழுவினர் பொதுமக்களில் ஏறக்குறைய 2,500 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பு 1999-ல் வெளியானது. கையில் வலி, மரப்பு, குறுகுறுப்பு இருப்பதாகச் சொன்னவர்கள் ஏழில் ஒருவர். ஆனால் அப்படிச் சொன்னவர்களைப் பரிசோதித்தும் நரம்பு டெஸ்ட் எடுத்தும் பார்த்தபோது, ஐந்தில் ஒருவருக்குத்தான் கார்ப்பல் டனல் நோய் என்று சொல்ல முடிந்தது. இன்னொரு பக்கம், எந்தத் தொந்தரவும் இல்லாத 125 பேருக்கு டெஸ்ட் எடுத்ததில் 23 பேருக்கு நரம்பு அழுந்தியிருப்பதாக மெஷின் காட்டியது. இதை நான் ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்கிறேன். தொந்தரவு இல்லாத கைக்கு ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து வைத்தியம் செய்யக்கூடாது. சுண்டு விரல் மட்டும் மரக்கும் ஒருவருக்கு, ரிப்போர்ட்டில் மீடியன் நரம்பு என்று வந்ததற்காக மணிக்கட்டை வெட்டினால் மரப்பு அப்படியேதான் இருக்கும்.

கழுத்து எக்ஸ்ரே விஷயமும் இப்படித்தான். ஐம்பது வயதைத் தாண்டிய பெரும்பாலோருக்குக் கழுத்து எலும்பில் தேய்வு தெரியும், கை மரத்தாலும் மரக்காவிட்டாலும். படத்தில் தேய்வு இருப்பதும் கை மரப்பதற்கு அதுவே காரணம் என்பதும் வேறு வேறு. கழுத்தைத் திருப்பினால் மின்னல் போலக் கைக்கு வலி இறங்குகிறதா, முன்கையும் சேர்ந்து மரக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் கழுத்தைச் சந்தேகிக்கலாம். இரவில் எழுந்து உதறினால் சரியாகிறது என்றால் முதலில் மணிக்கட்டு. இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலும் பார்க்கலாம். அழுந்திய நரம்பு குகை வாசலில் பருத்துத் தெரியும். குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 10 சதுர மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகிப்பார்கள். வலி கிடையாது, ஷாக் கிடையாது. பார்ப்பவர் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பின்னால் ஒளிந்திருப்பவை

சர்க்கரை, தைராய்டு குறைவு, முடக்குவாதம், உடல் எடை, கர்ப்பம். கர்ப்பிணிகளுக்கு வருவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தணிந்துவிடும், இரவில் மணிக்கட்டுக்குப் போடும் பட்டையே போதும். மற்றவர்கள் சர்க்கரையும், தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்-சும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

வயதானவர்களுக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஐம்பதைத் தாண்டிய ஆண்களும் அறுபதைத் தாண்டிய பெண்களுமாக, இந்த அறுவை செய்துகொண்ட 98 பேரின் திசுவைச் சோதித்தார்கள். பத்துப் பேருக்கு அமிலாய்டு என்ற புரதம் படிந்திருந்தது. அதே புரதம் இதயத்திலும் படியும். கையில் தெரிந்து பல வருடம் கழித்து இதயத்தில் தெரியும். இரண்டு கையிலும் நோய் வந்து, மூச்சு வாங்குதலோ கால் வீக்கமோ இருந்தால் இதய மருத்துவரிடம் கைக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வேலையால் வருமா? அழுத்திப் பிடித்து ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையும், அதிரும் கருவிகளைப் பிடிக்கும் வேலையும் நோயை வரவழைக்கின்றன, இதில் ஐயமில்லை. கத்தரி பிடிப்பவர், கல் உடைக்கும் மெஷின் பிடிப்பவர், கறி வெட்டுபவர். கம்ப்யூட்டர் விஷயத்தில் பயம்தான் அதிகம். டென்மார்க்கில் சுமார் 7,000 தொழில்நுட்பப் பணியாளர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில் கீபோர்டுக்கும் நோய்க்கும் உறவு தெரியவில்லை. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடிப்பவர்களிடம்தான் கொஞ்சம் கூடுதல் வாய்ப்புத் தெரிந்தது.

பட்டை, ஊசி, கத்தி

மெடிக்கல் ஷாப்பில் "ரிஸ்ட் ஸ்பிளிண்ட்" என்று கேட்டால் தரும் பட்டையில் ஒரு உலோகத் தகடு இருக்கும். பெரும்பாலும் அது மணிக்கட்டைப் பின்பக்கமாக வளைத்து வைக்கும்படி செய்திருக்கும். மேலே சொன்ன அழுத்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது நேரான மணிக்கட்டு. தகட்டை உருவி எடுத்து, மேஜை விளிம்பில் வைத்து அழுத்தி நேராக்கித் திரும்பச் செருகுங்கள். விரல்களும் கட்டை விரலும் தாராளமாக அசைய வேண்டும். கட்டு இறுக்கமாக இருந்தால் அதுவே குகையை அழுத்தும். ராத்திரி மட்டும், குறைந்தது ஆறு வாரம். நாலு நாள் போட்டுவிட்டுப் "பிரயோஜனமில்லை" என்று கழற்றி வைப்பவர்கள்தான் அதிகம்.

அடுத்தது ஸ்டீராய்டு ஊசி. பிரிட்டனில் 234 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், ஆறு வாரத்தில் இரவுப் பட்டையைவிட ஒரே ஒரு ஊசி நன்றாக வேலை செய்தது. ஆறு மாதத்தில் இரண்டும் சமமாகிவிட்டன. ஸ்வீடனில் 2013-ல் வெளியான இன்னொன்றில், பட்டையால் குணமாகாத 111 பேருக்கு ஊசி போட்டார்கள். பத்து வாரத்தில் நல்ல பலன் தெரிந்தது. ஆனாலும் ஒரு வருடத்துக்குள் 80 மில்லிகிராம் போட்டவர்களில் 73 சதவீதம் பேர் அறுவைக்குப் போய்விட்டார்கள். மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 92 சதவீதம். ஊசி அவகாசம் வாங்கித் தருகிறது. மகள் கல்யாணம் முடியட்டும், அறுவடை முடியட்டும் என்பவருக்கு அந்த அவகாசம் பெரிய விஷயம். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாட்கள் சர்க்கரை ஏறும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறுவையைப் பற்றிய முக்கியமான ஆய்வுகள் நெதர்லாந்தில் நடந்தன. 2002-ல் வெளியானதில் 176 பேர். ஒரு பாதிக்கு அறுவை, மறு பாதிக்குப் பட்டை. மூன்று மாதத்தில் அறுவையில் 80 சதவீதம் பேருக்கும் பட்டையில் 54 சதவீதம் பேருக்கும் குணம் தெரிந்தது. பதினெட்டு மாதத்தில் 90-க்கு 75. அதற்குள் பட்டைக்காரர்களில் 41 சதவீதம் பேர் அறுவையும் செய்துகொண்டிருந்தார்கள். 2025-ல் அதே நாட்டிலிருந்து 934 பேரை வைத்து வந்த ஆய்வு, முதலில் அறுவை செய்தால் என்ன, முதலில் ஊசி போட்டால் என்ன என்று ஒப்பிட்டது. பதினெட்டு மாதத்தில் அறுவையில் தொடங்கியவர்களில் 61 சதவீதமும் ஊசியில் தொடங்கியவர்களில் 45 சதவீதமும் குணமானார்கள். என் கருத்து இதுதான்: லேசான நோய்க்கு ஆறு வாரம் பட்டை, பலிக்காவிட்டால் ஊசி பற்றிப் பேசலாம். மரப்பு பகலிலும் விடாமல் இருந்தால், கட்டை விரல் மேடு இளைக்கத் தொடங்கினால், ஊசி ஊசியாகப் போட்டுக் காலத்தைக் கடத்தாதீர்கள்.

பாரிஸில் 1913-ல் மாரி, ஃபுவா என்ற இருவர், இரண்டு கையிலும் கட்டை விரல் மேடு வற்றிப்போன ஒரு முதியவரின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்தார்கள். குகையை மூடும் தசைநார்ப் பட்டைக்கு அடியில் நரம்பு உடுக்கையின் இடுப்பு போலச் சுருங்கி, அதற்கு மேலே பருத்திருந்தது. முன்பே கண்டுபிடித்து அந்தப் பட்டையை வெட்டிவிட்டிருந்தால் தசை பிழைத்திருக்குமோ என்று எழுதினார்கள். இன்று செய்யும் அறுவையும் அதுவேதான். உள்ளங்கையில் சின்ன வெட்டு, அந்த இடத்துக்கு மட்டும் மரப்பு ஊசி, பட்டையை முழுக்க வெட்டி விடுவது, தையல். பெரும்பாலோர் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். சின்ன காமிரா வழியாகவும் செய்கிறார்கள். வேலைக்குச் சற்றுச் சீக்கிரம் திரும்பலாம், நாளடைவில் இரண்டும் ஒன்றுதான்.

பிறகு என்ன ஆகும்? இரவு மரப்பு பலருக்குச் சில நாட்களிலேயே போய்விடும். பத்துப் பதினாலு நாளில் தையல் பிரிப்பார்கள். முதல் நாளிலிருந்தே விரல்களை மடக்கி நீட்ட வேண்டும். உள்ளங்கையின் இரு மேடுகளிலும், குழாயடியில் குடத்தைத் தூக்கும்போதோ சப்பாத்தி மாவை அழுத்திப் பிசையும்போதோ, இரண்டு மூன்று மாதம் வலிக்கும். அறுவை தோற்றுவிட்டது என்று பதறாதீர்கள், தணியும். அம்மாவுக்கு அறுவை நடந்த மூன்றாம் நாள் விடியும்வரை தூங்கினார். காப்பி தம்ளர் நழுவுவது நின்றது. சதைமேடு மட்டும் திரும்பவில்லை. கொக்கி மாட்ட இன்றும் தங்கை வேண்டும்.

மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மரப்பு என்றதும் பி-6 உள்ள நரம்புச் சத்து மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள். அழுந்திய நரம்பை அது விடுவிக்காது. அளவுக்கு மிஞ்சி நெடுநாள் சாப்பிட்டால் பி-6 தானே நரம்பைக் கெடுத்துக் கை கால் மரப்பை உண்டாக்கும். சீட்டில் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை நாள் போதும்.

சுண்டு விரல் மரத்தால்

முழங்கையின் உள்பக்கம் சுவரில் இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரை ஷாக் அடிக்குமே, அது அல்நார் நரம்பு. எலும்புக்குப் பின்னால் தோலுக்கு அடியிலேயே ஓடுவதால் அதற்குப் பாதுகாப்பில்லை. முழங்கையை மடக்க மடக்க அது இழுபடும். போனைக் காதில் வைத்து மணிக்கணக்கில் பேசுபவர்கள், லாரி ஜன்னலில் முழங்கையை ஊன்றி ஓட்டுபவர்கள், கையை மடக்கிக் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூங்குபவர்கள், சின்ன வயதில் முழங்கை முறிந்து கோணலாகக் கூடியவர்கள் இந்தத் தொந்தரவோடு வருகிறார்கள். சுண்டு விரலும் மோதிர விரலில் வெளிப்பாதியும் மரக்கும். முற்றினால் சாவியைத் திருப்பும் பிடி போய்விடும். ஒரு தாளைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே இடுக்கி இழுத்துப் பாருங்கள். கட்டை விரல் நுனி மடங்கி முட்டுக்கொடுத்தால் அது ஃபுரோமோ அறிகுறி.

இங்கே எளிய வைத்தியம் நன்றாகப் பலிக்கிறது. ஸ்வீடனில் 2009-ல் வெளியான ஆய்வு ஒன்றில் லேசான, நடுத்தர நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இரவுப் பட்டை, ஒரு குழுவுக்கு நரம்புப் பயிற்சி, ஒரு குழுவுக்கு எது செய்யலாம், எது கூடாது என்ற விளக்கம் மட்டும் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து வந்த 57 பேரில் 51 பேருக்குக் குணம் தெரிந்தது. குழுக்களுக்குள் வித்தியாசமே இல்லை. ஆகவே ராத்திரி ஒரு துண்டை முழங்கையில் தளர்வாகச் சுற்றிக் கிரேப் பேண்டேஜால் கட்டிக்கொள்ளுங்கள், கை மடங்காமல் இருந்தால் போதும். ஊன்றுவதை விடுங்கள். அறுவை தேவைப்பட்டால், நரம்பை இடம் மாற்றி வைப்பதா, இருந்த இடத்திலேயே விடுவிப்பதா என்று கேளுங்கள். நெதர்லாந்தில் 152 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்ததில் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது; இடம் மாற்றியதில் சிக்கல்கள்தான் கூடுதல்.

அல்நார் நரம்பு என்றால் நம் ஊரில் மறக்கக்கூடாத இன்னொரு நோய் தொழுநோய். முழங்கைக்குச் சற்று மேலே இந்த நரம்பையும், மணிக்கட்டுக்குச் சற்று மேலே மீடியன் நரம்பையும் அது தாக்கும். முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறு போலத் தடித்துக் கைக்குத் தட்டுப்பட்டாலோ, உடலில் எங்காவது உணர்ச்சியில்லாத வெளிறிய படை இருந்தாலோ, அதை முதலில் பார்க்க வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்த பால் பிராண்ட், இந்த நோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றும் அறுவையை அங்கேதான் வளர்த்தெடுத்தார். விரல் மடங்கும்வரை இன்று யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம்; நரம்பு வீங்கிய ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால் இழந்த பலம் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

மேற்கையை நாற்காலி முதுகில் தொங்கவிட்டுத் தூங்கி எழுந்தவருக்கு மணிக்கட்டுத் தொங்கிப்போவது ரேடியல் நரம்பு அழுந்தியதால். பக்கவாதம் என்று பயந்து வருவார்கள். பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானே சரியாகும்; அதுவரை மணிக்கட்டைத் தாங்கும் பட்டை போட்டிருக்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாத ஒன்று

லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட் 1850-களில் வெளியிட்ட நூலில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். மணிக்கட்டருகே எலும்பு முறிந்து, கூடிய இடத்தில் மிகையாக வளர்ந்த எலும்பு மீடியன் நரம்பை நசுக்கியது. கட்டை, ஆள்காட்டி, நடு விரல்களில் எதற்கும் ஆறாத புண். நரம்பின் மேல் இருந்த அழுத்தம் விலகும்படி மணிக்கட்டை வளைத்துக் கட்டிய பிறகுதான் புண் ஆறியது.

இன்று பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர்களுக்கு இதே அழுத்தம் சில மணி நேரத்திலேயே வரும். கட்டுக்குள் வலி குறைவதற்குப் பதிலாக மணிக்கு மணி ஏறினால், கட்டை, ஆள்காட்டி, நடு விரல்கள் மரக்கத் தொடங்கினால், விரலை நீட்டிவிட்டால் உயிர் போகும் வலி வந்தால், இரவு இரண்டு மணியானாலும் கட்டுப் போட்ட ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போங்கள். "கட்டு புதுசு, அப்படித்தான் இருக்கும்" என்று வாசலில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டியூட்டி டாக்டரிடம், "முறிஞ்ச வலி வேற, இது மரக்குதுங்க, மூணு விரலும் மரக்குதுங்க" என்று விரலைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். முதலில் கட்டைப் பிளந்து தளர்த்துவார்கள். அதிலும் அடங்காவிட்டால் அன்றே குகையைத் திறந்துவிட வேண்டும்.